லாக்கர் சாவி

பழைய பீரோவை எடுத்துப்போக இரும்புக்கடை ஷோயப் வருவதற்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு வருவதாக அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தார்.

பீரோவின் கீழ்ப்பகுதி முழங்கால் உயரத்துக்குத் துருப்பிடித்திருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் டிசம்பரில் வேளச்சேரி வீட்டுக்குள் வந்த வெள்ளம் அதுவரை ஏறியது. மந்தைவெளிக்குக் குடிவந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்தோம். இப்போது தங்கை கரோல் முதல் சம்பளத்தில் புது மர அலமாரி வாங்கிவிட்டாள். அறையில் இரண்டுக்கும் இடமில்லை.

"இடது பக்கம் முழுக்க உனக்குத்தான்க்கா," என்றாள்.

சரி என்றேன். நான் மூன்று வருடமாக ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்கென்று கடைசியாக வாங்கியது குக்கர் வாஷர்.

பீரோவுக்குள் ஒரு லாக்கர் உண்டு. அதன் சாவி வெள்ளத்தில் போய்விட்டதாக வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சாவி என் கல்லூரிக் கால கால்குலேட்டரின் உறைக்குள் இருந்தது. லாக்கருக்குள் கரோலின் தங்கப் பதக்கம் இருந்தது.

இருவரும் ஒரே கல்லூரியில் இயற்பியல் படித்தோம். எனக்கு முதல் வகுப்பு. மூன்று வருடம் கழித்து அவளுக்குப் பதக்கம். அம்மா அதை டிவிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அதைக் காட்டினாள். "பெரியவளும் இதேதான் படிச்சா," என்று கடைசியில் சேர்த்துக்கொள்வாள்.

தண்ணீர் வந்த அன்று நான்தான் பதக்கத்தை எடுத்து லாக்கரில் வைத்துப் பூட்டினேன். காப்பாற்றத்தான். தண்ணீர் வடிந்த பிறகு அம்மா கேட்டபோது கரோல், "டிவிகிட்டதாம்மா வெச்சிருந்தேன்," என்று அழுதாள். நான் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"பொறுப்புன்னா அல்போன்சாகிட்ட கத்துக்கடி. எல்லார் சர்டிஃபிகேட்டையும் பரண்ல ஏத்தினது யாரு?"

என்னைப் பற்றி அப்படி ஒரு பேச்சை நான் அந்த வீட்டில் கேட்டதே இல்லை. இன்னும் ஒரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் பதக்கம் கண்ணெதிரே இருந்தபோதைவிடத் தொலைந்த பிறகுதான் அதைப் பற்றி அதிகம் பேசினார்கள். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோணியார். செவ்வாய்தோறும் கரோல் அவர் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். துணைக்கு நானும் போனேன். காற்றில் அவளுடையது அணைந்தால் என்னுடையதிலிருந்து பற்றவைத்துக்கொள்வாள். பங்குச் சாமியார்கூட, "என்ன கரோல், மெடல் கிடைச்சுதா?" என்று கேட்பார். என் பெயர் அவருக்கு இன்றுவரை தெரியாது.

பீரோ போனால் பதக்கமும் போய்விடும். ஷோயப் அதைக் கிண்டிக்குக் கொண்டுபோய் வெட்டிப் பழைய இரும்பாகப் போட்டுவிடுவார். அதன் பிறகு நான் சொல்ல வேண்டியது எதுவும் இருக்காது. பத்தொன்பது மணி நேரம் பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம்தான்.

மறுநாள் பத்தேகாலுக்கு ஷோயப் ஒரு ஆளோடு வந்தார். இருவரும் பீரோவைச் சாய்த்தார்கள். உள்ளே ஏதோ உருண்டு தகட்டில் மோதியது.

"இன்னாமா, லாக்கர்ல ஏதோ கீது?" என்றார் ஷோயப்.

"சாவி இல்லப்பா. பழைய காசு ஏதாவது இருக்கும்," என்றாள் அம்மா.

"அப்பால தங்கம் வெச்சேன், வைரம் வெச்சேன்னு வந்து நிக்காதீங்க. வெட்னா வெட்னதுதான்."

"தங்கமா? எங்க வீட்டுத் தங்கத்தத்தான் இவ தண்ணியில விட்டுட்டாளே!"

"ஆரம்பிச்சிட்டாங்க," என்று கரோல் சிரித்தாள். "நீங்க எடுத்துட்டுப் போங்கண்ணா."

பீரோ வாசலை நோக்கி நகர்ந்தது. கரோல் புது அலமாரியின் சாவிகளை என் கையில் வைத்தாள்.

"ரெண்டும் உங்கிட்டயே இருக்கட்டும்க்கா."

"ஒண்ணு நீ வெச்சுக்கோ."

"வேணாம். நான் தொலைச்சிடுவேன். ஆபீஸ்ல ஐடி கார்டையே நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுத் தொட்டுப் பாத்துக்கறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பென்சில்கூடத் தொலைக்காதவள் அவள்.

"பாத்து, பாத்து, செவுத்துல இடிக்கப்போவுது," என்று ஷோயப் வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார். பீரோவில் பாதி வெளியே போய்விட்டது. பதக்கம் மறுபடி உருண்டது.

"நில்லுங்க," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கரோல், நீ தொலைக்கல. உன் மெடல் அந்த லாக்கர்லதான் இருக்கு. வெச்சுப் பூட்டினது நான். சாவி ரெண்டு வருஷமா என்கிட்டதான் இருக்கு."