மூன்று இடத்தில் நிற்கிறவன்

ரொறன்ரோவில் பாக்கியரத்தினம் தன்னோடு வேலை செய்கிற ஒன்பது பேருடன் ஒரு விளையாட்டில் சேர்ந்திருந்தான். நிஜமான பேஸ்போல் வீரர்களை மாறிமாறித் தெரிந்தெடுத்து ஆளுக்கோர் அணி வைத்துக்கொள்வார்கள். மைதானத்தில் அந்த வீரர்கள் அடிப்பதெல்லாம் இவர்களுக்குப் புள்ளி. 2007 பங்குனியில், தெரிவு நடக்கிற சனிக்கிழமை இரவு அவனுக்கு வேலை விழுந்துவிட்டது. திருகோணமலையில் ஆசிரியையாய் இருந்த மனைவி கமலேஸ்வரிக்குப் போன் எடுத்தான்.

"எனக்காக நீர் இருந்து எடும். இன்ரநெற்றிலதானே. அங்க ஞாயிறு காலமை ஏழரை."

"எனக்குக் கிரிக்கெட்டே விளங்காது."

"பட்டியல் அனுப்புறன். எவன் மைதானத்தில எந்தெந்த இடத்தில நிக்கலாமெண்டு பெயருக்குப் பக்கத்தில இருக்கும். ஆருக்கும் காயம் பட்டால், ரெண்டு மூண்டு இடத்தில நிக்கிறவன் அந்த இடத்தை நிரப்புவான். அதுக்காக அவனை முந்தி எடுத்திடாதையும். முதல்ல நல்லா அடிக்கிறவங்கள். ரெண்டு பேர் சரிசமனெண்டால் மட்டும் பல இடக்காரன்."

சமாதான காலத்தில் வந்து தாலி கட்டி, நாற்பது நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனவன் அவன். மூன்று வருடமாக அவளுடைய விசா இழுபட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை, சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு, உட்துறைமுக வீதியில் ஸஹாப்தீனின் இன்ரநெற் கடைக்குப் போனாள். அவளுக்காக அவர் நேரத்துடன் திறந்திருந்தார். ஒவ்வொரு முறையும் தெரிவு செய்ய ஒன்றரை நிமிடம். முதல் இருவரையும் பட்டியல்படியே எடுத்தாள். மூன்றாவது முறை வந்தபோது துறைமுகப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. யன்னல் அதிர்ந்தது. அவள் பட்டியலில் கீழே இறங்கி ஒரு பெயரை அழுத்தினாள். அவன் மூன்று இடத்தில் நிற்கக்கூடியவன்.

"இவர் நூத்திப் பதினாலாவதுல இருக்கார், டீச்சர்," என்றார் ஸஹாப்தீன்.

"தெரியும்."

பின்னேரம் அவன் வேலை முடிந்து வந்து போன் எடுத்தான். "அவனை ஏன் மூண்டாவதாய் எடுத்தனீர்? பத்தாம் சுற்றிலயும் கிடைச்சிருப்பான். நல்ல அடிகாரன் ஒருத்தன் கைவிட்டுப் போயிட்டான்."

"ஒரு இடம் வெறுமையாய்க் கிடக்கிறதைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது."

"விசாக் கடிதம் ஏதும் வந்ததோ?" என்று அவன் கேட்டான்.

"இல்லை."

போனை வைத்துவிடுவானோ என்று பயந்து, "அந்த மூண்டு இடமும் எங்க இருக்கு, சொல்லுங்கோ," என்றாள். போன் காட்டில் காசு முடியும்வரை அவன் மைதானத்தை விவரித்தான். அவள் ஒரு கடித உறையின் பின்புறத்தில் அதைப் படமாய்க் கீறிக்கொண்டாள்.

வைகாசியில் அவர்களுடைய அணியில் இரண்டாம் பேஸ் என்ற இடத்தில் நிற்கிறவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. அவள் எடுத்தவன் அந்த இடத்துக்கு வந்தான். அப்படியும் புரட்டாதியில் அணி ஐந்தாவதாகத்தான் முடிந்தது.

"அடுத்த வருசமும் நீரே எடும்," என்றான்.

"அடுத்த வருசம் உங்களுக்குப் பக்கத்தில இருந்து எடுக்கிறன்."

"ஓம்," என்றான்.

அடுத்த பங்குனியிலும் அவள் ஸஹாப்தீனின் கடைக் கதிரையில்தான் இருந்தாள். விசா ஆவணியில் வந்தது.