மக்கீன் முதலாளி கடந்த பாலைவனம்

கண்டி மாநகரத்தாரும் அதன் மேற்கே பிலிமத்தலாவை ஈறாக வாழும் சகல ஜனங்களும் அறிய வேண்டிய மகா முக்கியமான செய்தி யாதெனில்: புடவை வியாபாரி ஜனாப் மக்கீன் அவர்கள், 1932ஆம் வருஷம் பெரஹெரா ஊர்வலம் முடிந்த மறுவாரம், மனைவி சமேதராய் ஒரு பாலைவனத்துள் புகுந்து உயிரோடு மீண்டார்.

பாலைவனம் கற்பிட்டிப் பக்கம் இருக்கிறது. புத்தளம் வரை ரயில், அப்புறம் தோணி. அங்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் மூன்று நாள் தங்கி, தினமும் காலையில் புறப்பட்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்து, பொழுது சாயத் திரும்புவதென்று முதலாளி தீர்மானித்தார். தீர்மானித்ததோடு விடவில்லை; நிகழ்ச்சி நிரல் ஒன்றை அச்சடித்தே எடுத்துப் போனார்.

அவருடைய மனைவி பஸீஹா திகனையில் பிறந்தவள். மகாவலி ஆற்றைவிட அகலமான தண்ணீரை நாற்பது வயதுவரை கண்டதில்லை. முதல் நாள், கடலோர உப்பங்கழியான களப்பில் கண்ணாடி போல் கிடந்த நீருக்குள் கையை விட்டாள். விரலளவு மீன் ஒன்று வந்து மோதிரத்தை முகர்ந்து பார்த்தது. "நேரமாச்சு," என்றார் முதலாளி. மறுநாள் கண்டல் காட்டில், உதறிய வேட்டி போல வெள்ளைப் பறவைகள் ஒன்றாய் எழும்பின. அவள் தலையை நிமிர்த்துவதற்குள் நிரலில் அடுத்த வரி வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மணல்மேடுகள். களப்புக்கும் கடலுக்கும் நடுவே நீளும் மணல்திட்டுக்குத் தோணியைத் தள்ளியபடி தோணிக்காரன் ஹபீல் சொன்னான்:

"அந்த உச்சியில ஏறி நிண்டா, இங்கால களப்பு, அங்கால பெருங்கடல். ரெண்டும் ஒரே பார்வையில தெரியும், ராத்தா."

"அதப் பாக்காம நான் ஊருக்கு வர மாட்டேன்," என்றாள் பஸீஹா. மறுநாள் விடிந்தால் ரயில்.

"உச்சிப் பொழுது சாய முந்தி வந்துருங்க. காத்து ஏறினா தோணி விட ஏலாது."

முதலாளி கைத்தடியால் தூரத்து மேடொன்றைக் காட்டினார். "அந்த ரெட்டைத் திமில் மேட்ட இடக்கைப் பக்கம் வெச்சி நடந்தாச் சரி. மலைநாட்டான் வழி தவறுவானா? அளகல்லை மலைய எங்க நிண்டு பாத்தாலும் அளகல்லைதானே!"

அளகல்லை அப்படித்தான். மணல் அப்படியில்லை. நூறு அடி நடந்ததும் இரட்டைத் திமில் ஒற்றையானது. இன்னும் கொஞ்சம் நடந்ததும் அதே போல நாலு மேடுகள் நாலு திசையில் நின்றன. கால் தடங்களைக் காற்று அழித்துவிட்டது. பள்ளத்தில் நின்றால் கடல் இரைச்சல் எல்லாப் பக்கமும் கேட்டது. நிழல் காலடியில் ஒடுங்கியது. போத்தலில் தண்ணீரும் முடிந்தது.

"மேடு இடம் மாறிட்டு," என்றார் முதலாளி, கடன்காரனைப் பற்றிச் சொல்வது போல. பிறகு மணலில் உட்கார்ந்தார்.

"வரக்குள்ள காத்து மூஞ்சில அடிச்சிச்சி. திரும்பக்குள்ள பிடரியில அடிக்கணும்," என்றாள் பஸீஹா.

"இங்க காத்து எங்க ஈக்கி?"

"மேல ஈக்கி. ஏறுங்க."

செருப்பைக் கழற்றி, சேலையைச் செருகி, கையும் காலுமாக ஏறினாள். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது. பின்னால் முதலாளி மூச்சு வாங்கியபடி வந்தார்.

உச்சியில் காற்று அவள் முக்காட்டைப் பறித்தது. ஒரு பக்கம் களப்பு, பால் கலந்த பச்சையில், ஒரு சுருக்கமும் இல்லாமல். மறுபக்கம் பெருங்கடல், கருநீலம், கரையெங்கும் நுரை. நடுவே அவள் நின்ற மணல்முகடு பாம்பு முதுகு போல நெளிந்து போனது. அதன் விளிம்பிலிருந்து மணல் புகையாய்ப் பறந்துகொண்டிருந்தது.

"நேரமா..."

"பேசாமப் பாருங்க."

பார்த்தார். கடிகாரத்தை எடுத்த கை அப்படியே நின்றது. "அல்லாவே," என்றார் கடைசியில், மிகச் சின்னக் குரலில். அவர் வாயிலிருந்து அந்த மூன்று நாளில் வந்த அளவான பேச்சு அது ஒன்றுதான். பஸீஹா போதும் போதும் என்று தோன்றுமட்டும் நின்று பார்த்தாள். பிறகு காற்றுக்கு முதுகைக் கொடுத்துத் திரும்பினாள்.

நேர் கீழே தோணி. ஹபீல் அதில் படுத்திருந்தான்.

இறங்கி வந்ததும் முதலாளிக்குக் குரல் திரும்பிவிட்டது. "ஹபீல், நாங்க கடந்த இந்தப் பாலைவனம் எத்தன மைல்?"

"குறுக்காலயா, மொதலாளி? அரை மைல். எங்கட பொம்புளைங்க மீன் கூடையோட தெனமும் போய் வாறாங்க."