முப்பத்திரண்டாம் நம்பர்

"மிஸ், பதினெட்டாம் நம்பரைக் கான்சல் பண்ணிவிடுங்கோ. மகனுக்குக் காய்ச்சல் விட்டிட்டுது" என்று கிருலப்பனையிலிருந்து ஒரு தாய் போனில் சொன்னபோது பின்னேரம் ஐந்து மணி. "அப்ப நல்லம்தானே அக்கா" என்று சொல்லிவிட்டுக் கொப்பியில் அந்தப் பெயரை வெட்டினேன். உள்ளுக்குள் எனக்கும் ஓர் ஆறுதல். காலையிலிருந்து என் மகளுக்கும் காய்ச்சல் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் இரண்டு கதிரைகளைச் சேர்த்துப் போட்டு, என் கைப்பையைத் தலையணையாக வைத்து அவளைப் படுக்க வைத்திருந்தேன்.

நான் வேலை செய்யும் சனல் சென்டர், டொக்டர்மார் காசுக்கு வந்து நோயாளரைப் பார்க்கும் இடம், வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டர் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை முடித்துவிட்டு நாலரைக்கு இங்கே வருவார். நம்பர் கொடுப்பது, பெயர் கூப்பிடுவது, சண்டை பிடிப்பது எல்லாம் நானும் கூட வேலை செய்யும் பிறிஜெற்றும்தான். சண்டை பிடிப்பதில் நான் கொஞ்சம் கூடுதல் கெட்டிக்காரி. தன் பிள்ளைக்குத்தான் உலகத்திலேயே பெரிய வருத்தம் என்று டொக்டரின் கதவடியில் வந்து நிற்கும் தாய்மாரை ஒரே பார்வையில் கதிரைக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். "உங்கட பிள்ளை மட்டும்தான் பிள்ளையோ?" ஆறு வருஷமாக ஒரு நாளைக்கு நாலு தரமாவது இதைச் சொல்லியிருப்பேன். பாழாய்ப்போன வாய்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்பவர்களின் பிள்ளைகளை டொக்டர் காசு வாங்காமல் பார்ப்பார், ஆனால் கடைசி நம்பருக்குப் பிறகுதான். யாரும் எழுதி ஒட்டி வைத்த சட்டமில்லை. இலவசமாகப் பார்க்கிற மனிசனிடம் முதலில் பாருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? அதுவும் மற்றவர்களை வரிசையில் இருத்துகிற நானா கேட்பது? அன்றைக்கு முப்பத்தொரு பேர் பதிந்திருந்தார்கள். என் மகள் யதுர்ஷியின் பெயரை முப்பத்திரண்டாவதாக என் கையாலேயே எழுதினேன்.

அவளுக்கு ஐந்து வயது. திங்கட்கிழமை தொடங்கிய காய்ச்சல், அன்றைக்கு வியாழக்கிழமை. புதன்கிழமை இங்குள்ள லாப்பிலேயே இரத்தம் எடுத்துப் பார்த்தோம். பிளேட்லெட் கொஞ்சம் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை, நாளைக்குத் திரும்பவும் எடுத்துப் பாருங்கள் என்றார்கள். அந்த 'நாளைக்கு' என்றது இந்த வியாழன்தான். விடிய எழும்பிப் பார்த்தால் நெற்றி குளிர்ந்திருந்தது. எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. துறைமுகத்துக்கு வேலைக்கு வெளிக்கிட்ட என் கணவர் கிருபாகரன், "காய்ச்சல்தான் விட்டிட்டுதே, பிறகென்ன? உன்னோட கூட்டிக்கொண்டு போ, பின்னேரம் டொக்டர் பார்ப்பார்தானே" என்றார். பஸ்ஸில் என் மடியில் இருத்திக் கூட்டிவந்தேன். திரும்பவும் ஊசி குத்தினால் அழுவாள், டொக்டர் பார்த்துச் சொன்ன பிறகு எடுப்போம் என்று இரத்தச் சோதனையையும் தள்ளிப் போட்டேன்.

மற்ற நாளென்றால் ஸ்டேப்ளரைப் பிடுங்குவாள், போன் அடித்தால் எனக்கு முன்னால் எடுத்து ஹலோ சொல்லுவாள். அன்றைக்கு ஒரு சத்தமில்லை. மத்தியானம் சோறு வேண்டாம் என்றாள். வயிறு நோகுது என்றாள். வெறும் வயிறு, அதுதான் என்று நினைத்து ஒரு மாரி பிஸ்கட்டைக் கொடுத்தேன், அதைப் பிடித்துக்கொண்டே கிடந்தாள். "இண்டைக்கு என்ன நல்ல பிள்ளையா இருக்கிறா" என்று பிறிஜெற் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பயமில்லாமல் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழும்பிப் போய் நெற்றியைத் தொட்டேன். குளிர்தான். குளிர்ந்திருந்தால் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்ப வந்து இருந்தேன். அது என்ன பயம் என்று உட்கார்ந்து யோசிக்கத்தான் பயமாக இருந்தது.

ஐந்தரை ஆகியும் டொக்டரைக் காணவில்லை. ஆஸ்பத்திரி வாட்டில் டெங்கு பிள்ளைகள் நிறைந்து போய்விட்டார்கள், வரச் சுணங்கும் என்று செய்தி அனுப்பியிருந்தார். வெளியே மழை. கதிரைகளில் இடமில்லாமல் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி கவுண்டருக்கு வந்தாள். பாமன்கடை ஹமீமா, ஒன்பதாம் நம்பர். செவ்வாய்க்கிழமை இவள் கதவடியில் போய் நின்றபோது எல்லாருக்கும் முன்னால் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டியவள். இன்றைக்குத் திருப்பித் தரப்போகிறாள் என்று நினைத்து நானும் முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க" என்றாள் மெதுவாக. "முந்தி போன்ல காய்ச்ச உட்டா நல்லம் எண்டு சென்னீங்க. டெங்கெண்டா காய்ச்ச உட்டாத்தானே பயம்."

"டொக்டருக்குத் தெரியும், நீங்க போய் இருங்கோ."

அவள் போகவில்லை. என் தோளுக்கு மேலால் எட்டி யதுர்ஷியைப் பார்த்தாள். "இவ ஒங்கட மகளா? இவவுக்கு எத்தின நாளு?"

"நாலு நாள். இண்டைக்குக் காலம விட்டிட்டுது."

நான் சொல்லி முடிக்கவில்லை, கவுண்டர்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். வெளியாட்கள் வரக்கூடாத இடம். நான் எழும்பி நின்றேன். ஹமீமா குனிந்து யதுர்ஷியின் இரண்டு பாதங்களையும் கையால் பொத்திப் பிடித்தாள்.

"அல்லாஹ்! மிஸ், காலெத் தொட்டுப் பாத்தீங்களா?"

தொட்டுப் பார்க்கவில்லை. நாள் முழுவதும் நெற்றி, நெற்றி, நெற்றி. ஹமீமாவின் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். குளிர்பெட்டியில் இருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தன என் பிள்ளையின் கால்கள்.

"என்ட மவன் அஷ்பாக்குக்கும் போன வருஷம் இப்பிடித்தான்" என்றாள் ஹமீமா. "காய்ச்ச உட்டிட்டு எண்டு நாங்க சந்தோஷமா ஈந்தோம். அண்டைக்கித்தான் ஐ.சி.யு.வுக்குக் கொண்டு போன. டொக்டர் வார வரைக்கும் நிக்க வாணாம் மிஸ். இப்பவே போங்க."

பிறிஜெற் ஓடிவந்தாள். "பதறாதை நிஷாந்தி. டொக்டர் இப்பதான் வெளிக்கிட்டவராம். இருபது நிமிஷத்தில வந்திடுவார். முதல் ஆளா உள்ள அனுப்பிறன், ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்."

கடவுளே, அந்த ஒரு நிமிடம்! பொரளைப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு இந்த மழையில், இந்த நேரத்துக் காலி வீதி நெரிசலில் எவ்வளவு நேரம் போகும்? பாதிவழியில் ஏதாவது ஆகிவிட்டால் ஓட்டோவுக்குள் நான் என்ன செய்வேன்? இருந்தால் டொக்டர் வருகிறார், தெரிந்த மனிசன். ஆனால் வந்து என்ன செய்வார்? அவரிடம் இங்கே இருப்பது ஒரு கட்டிலும் ஒரு டோர்ச்சும்தான். மோசமான பிள்ளைகளுக்கு அவரும் கடிதம் எழுதி அந்த ஆஸ்பத்திரிக்குத்தானே அனுப்புவார்! அந்தக் கடிதங்களை உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பதே நான்தானே! யதுர்ஷி கண்ணைத் திறந்து, "அம்மா, தண்ணி" என்றாள். ஒரு மிடறு குடித்தாள். அப்படியே என் சட்டையில் சத்தி எடுத்தாள்.

பிள்ளையைத் தூக்கிவிட்டேன். "பிறிஜெற், அந்தக் கிருலப்பனை அம்மாவுக்குக் கோல் எடு. பதினெட்டாம் நம்பர். பிள்ளையின்ர கால் குளிருதோ எண்டு கேள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு, நான் சொன்னது பிழை எண்டு சொல்லு." ஹமீமா ஒரு கையில் தன் பிள்ளையும் மறு கையில் குடையுமாக மழைக்குள் இறங்கி நடுரோட்டில் நின்று ஓட்டோவை மறித்தாள். நான் அவளுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

வழி முழுக்கப் பிள்ளையின் பாதங்களை என் வயிற்றோடு வைத்துத் தேய்த்தேன். சூடு ஏறவில்லை. சாரதி ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. கிருபாகரனுக்குப் போன் எடுத்தால் எடுக்கிறார் இல்லை. நித்திரையாகாதை, நித்திரையாகாதை என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே போனேன். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், தெரியாத சாமியையும் கூப்பிட்டேன்.

அங்கே ஒருவரும் என்னிடம் நம்பர் கேட்கவில்லை. பிள்ளையை வாங்கிக் கட்டிலில் போட்டார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கையைப் பிடித்து நரம்பு தேடினார்கள். தாதி படிவத்தை எடுத்துக்கொண்டு சிங்களத்தில் கேட்டாள், பிள்ளை கடைசியாக எத்தனை மணிக்குச் சலம் போனது என்று. எனக்குத் தெரியவில்லை. பஸ் ஏறுவதற்கு முன்னால் டொய்லெட்டுக்குப் போனாளா? மத்தியானம் போனாளா? முப்பத்தொரு பிள்ளைகளின் பெயரும் வயதும் போன் நம்பரும் என் கையெழுத்தில் இருக்கிறது. நாள் முழுக்க என் காலடியில் கிடந்த பிள்ளை எப்போது சலம் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. "தன்னே நே" என்றேன், தெரியாது என்று. தாதி என்னை ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

இளம் டொக்டர் ஒருத்தி யதுர்ஷியின் கால் பெருவிரலைத் தன் பெருவிரலால் அழுத்திப் பிடித்தாள். "பயப்பட வேணாம் அம்மா. இத விட்டா ரெண்டு செக்கன்ல நிறம் திரும்பி வரணும். அதான் பாக்கிறது" என்றாள் தெரிந்த தமிழில். பிறகு கையை எடுத்தாள். அழுத்திய இடம் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. நான் குனிந்து அதையே பார்த்தேன். ஒன்று. இரண்டு. மூன்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.