மூலமாதிரியைக் கேட்டவள்

1

“அந்த உறையைத் திறந்து காட்டுங்க சார்.”

கதையை இப்படி எடுத்த எடுப்பில் தொடங்கக் கூடாதாம். முறைப்படி மூன்று தொடக்கங்கள் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் மழை பெய்தது. இன்னொன்றில் அவள் நுண்ணோக்கிக்குள் குனிந்தபடி வாழ்க்கையை நினைத்துப் பார்த்தாள். நுண்ணோக்கிக்குள் குனிந்திருப்பவளுக்குக் கழுத்துவலியைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வராது. மூன்றாவதைச் சொல்லவே கூசுகிறது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரித் தேர்வில் ஒரு பூஞ்சையின் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். அப்படியொரு பூஞ்சையே உலகத்தில் இல்லை என்று பிற்பாடு தெரியவந்தது. மதிப்பெண்ணை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. எரிச்சல் மட்டும் தங்கிவிட்டது.

அவள் நானில்லை. நானாக இருந்தால் அந்த முதல் வாக்கியத்தில் ‘சார்’ இருந்திருக்காது.

2

இலைமேல் மாவு தூவினாற்போல் வெள்ளையாகப் படருமே, அது சாம்பல் நோய். பூசணியில் ஒரு பூஞ்சை, ரோஜாவில் இன்னொன்று என்று அதைச் செய்கிற பூஞ்சைகள் பல. எது எது என்று பிரித்துப் பெயர் வைப்பது அவள் படிக்கும் படிப்பு. புதிய இனம் என்று ஒன்றுக்குப் பெயர் வைப்பவர், எந்த இலையைப் பார்த்து வைத்தாரோ அந்த இலையைக் காகித உறையில் இட்டுக் காக்க வேண்டும். அதுதான் மூலமாதிரி. யார் கேட்டாலும் காட்ட வேண்டும்.

அவளுடைய கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, இளவயதில் ஒரு வேலிச்செடியில் புதிய சாம்பல் பூஞ்சை கண்டவர். வேறெந்தச் சாம்பல் பூஞ்சைக்கும் இல்லாத, நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற, வித்துகள் அடைத்த பழுப்புக் குடுவைகள் இதற்கு உண்டு என்று எழுதினார். பாடநூலில் ஏறினார். நான் வரைந்தது அந்தக் குடுவைகளைத்தான்.

அவள் அதே வேலியில் புது இலை பறித்துப் பார்த்தாள். குடுவைகள் இருந்தன. ஆனால் அவை சாம்பல் பூஞ்சையுடையவை அல்ல. அதன் இழைக்குள் புகுந்து அதையே தின்று வாழும் வேறொரு பூஞ்சையுடையவை. அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஊரில் எல்லா வேலியிலும் கிடக்கிற பழைய சாம்பல் பூஞ்சை. பேன் பிடித்த தலையைப் பார்த்துவிட்டு, ஆறு கால் உள்ள மனிதனைக் கண்டேன் என்று எழுதி வைத்த கதை.

(அந்த ஒட்டுண்ணியைக் கைடுக்கு உவமையாக்கச் சொல்லிக் கை பரபரக்கிறது. வேண்டாம். ஒட்டுண்ணி தனக்குத்தானே பாராட்டு விழா வைத்துக்கொள்வதில்லை.)

3

இதையெல்லாம் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமாக எழுதியிருந்தாள். கைடு கையெழுத்துப் போட்டால்தான் முனைவர் பட்டம். ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி: அவர் பார்த்த பழைய இலையிலும் இதே கதைதானா? அதற்கு உறையைத் திறக்க வேண்டும்.

அவளுக்கு முன்னே சேர்ந்து இன்னும் முடிக்காத சீனியர் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடியே, அவர்கிட்ட லீவு கேளு, சொத்துல பங்கு கேளு. அந்த உறைய மட்டும் கேக்காத.”

“கேட்டா?”

“போன தடவை கேட்டவ இப்ப சோப்பு கம்பெனியில இருக்கா.”

“பரவால்ல, அங்கயாவது அழுக்கு போகும்.”

“இந்த வாய் இருக்கு பாரு, இது உன்னை...” அக்கா முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

வீட்டில் அம்மா வேறு, ‘எம் பொண்ணு டாக்டர்’ என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி இருமிக்கொண்டே வந்து நிற்பாள்.

“சளிக்கு என்னம்மா மாத்திரை போடலாம்?”

“இலைக்குச் சளி பிடிச்சா சொல்லுங்க அத்தை, பாத்துடலாம்.”

அம்மா அவளை உள்ளே இழுத்துப்போய்க் கிள்ளினாள். நான்காம் அத்தியாயத்தின் கதையும் அவள் காதுக்கு எட்டியிருந்தது. “நம்ம குடும்பத்துல காலேஜ் வாசப்படி மிதிச்சவ நீ ஒருத்தி. பெரியவங்க செஞ்ச தப்பைக் கண்டுபிடிக்கவாடி உன்னைப் படிக்க வெச்சேன்?”

“அதுக்குப் பேர்தாம்மா படிப்பு.”

(அம்மாவை இன்னும் கொஞ்சம் நல்லவளாகக் காட்டலாமா என்று யோசித்தேன். நல்லவள்தான். பயந்தவள். இருக்கிற வேலையை விட்டுவிட்டு அந்தப் பயத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.)

4

கேட்டுவிட்டாள். அவர் முகத்தில் ஒரு மெல்லிய

இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் இங்கே அவர் கண்ணில் கொஞ்சம் ஈரம் வைப்பார்கள். அவர் சிரித்தார். அவ்வளவுதான். மேசை இழுப்பறையின் பூட்டைத் திறந்து உறையை எடுத்து அவள் முன்னே தள்ளினார்.

“இந்தா. ஆசை தீரப் பாரு.”

உள்ளே ஒரு காம்பும் பூச்சி அரித்துப் போட்ட தூளும் இருந்தன. இலை இல்லை.

“எத்தனை வருஷமா சார் இப்படி?”

“நீ பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாடியிருந்து. காட்ட ஒண்ணுமே இல்லாத வரைக்கும் யாரும் தப்புன்னு நிரூபிக்க முடியாதும்மா. ஆனா அடுத்த மாசம், இந்த மாதிரி இலைகளைச் சேத்து வைக்கிற வெளிநாட்டுக் காப்பகத்து ஆளுங்க வந்து மூலமாதிரி அத்தனையையும் படம் எடுக்கறாங்க. இது காலியா இருக்கக் கூடாது.”

அவள் உறையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“உங்கிட்ட அதே வேலியோட இலை இருக்கு. ஒண்ணை இதுல வை. படந்தான் எடுப்பாங்க, வெள்ளை தெரிஞ்சா போதும். நாலாம் அத்தியாயத்தை எடுத்துடு. இப்பவே கையெழுத்துப் போடறேன்.” பேனா மூடியைக் கழற்றினார். “அடுத்து வர்ற புது இனத்துக்கு உன் பேரையே வெச்சிடலாம்.”

“நோய்க்கு என் பேரா? எங்க தெருவுல ஏற்கெனவே எனக்கு டாக்டர்னு பேர் வெச்சிட்டாங்க சார், அதுவே போதும்.”

5

முடிவுகள்.

ஒன்று: இலையை வைக்கிறாள். பட்டம் வருகிறது. சில ஆண்டுகளில் அவளும் கைடு ஆகிறாள். அவளுக்கும் பூட்டு வைத்த ஓர் இழுப்பறை தருகிறார்கள்.

இரண்டு: அவள் கத்துகிறாள். எல்லாரும் ஓடி வருகிறார்கள். நியாயம் வெல்கிறது, கைதட்டல் கேட்க (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விட்டுவிட்டேன்.)

மூன்றாவதை யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை.

6

“இலை எங்கிட்ட இல்ல சார்.”

“பெட்டியில இருக்குமே?”

“காலையிலயே அதே வெளிநாட்டுக் காப்பகத்துக்கு அனுப்பிட்டேன். மொத்தத்தையும். உள்ளே ரெண்டு பூஞ்சை இருக்குன்னு மேலேயே எழுதி.”

“அப்புறம் இங்க எதுக்கு வந்த?”

“உங்க இலையைப் பாத்து நான் சொன்னது தப்புன்னு தெரிஞ்சா, அதையும் எழுதி அனுப்பிடலாம்னு.”

முதல்முறையாக அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “பட்டம் வேணாமா உனக்கு?”

“வேணும். நாலாம் அத்தியாயத்தோட.”

ஆய்வேட்டை அவர் மேசையில் வைத்தாள். கையெழுத்துப் பக்கத்தைத் திறந்தே வைத்தாள்.

அவர் போட்டாரா என்று நான் எழுதப்போவதில்லை. இதைப் படிப்பவர்களில் கையெழுத்துப் போடும் நாற்காலியில் சிலர் இருப்பீர்கள். அந்த வரி உங்களுடையது, என்னிடம் கேட்காதீர்கள்.

அவள் கதவைச் சாத்தக்கூட இல்லை. நடைவழியில் செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. “ஏம்மா, நில்லு” என்று அவர் கூப்பிட்ட பிறகும் அது நிற்கவில்லை.