விலகல் சீட்டு

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. மருத்துவ ஆய்வு மையம், இரண்டாம் மாடி, ஏழாம் அறை. நுரையீரல் மருந்துச் சோதனையின் நான்காம் எண் நோயாளி ‘சுயவிருப்பத்தின் பேரில் விலகினார்’ என்று பதிவேட்டில் எழுதப்பட்டது.

மறுநாள் விடியலில் கல்லுடைக்கும் கிரஷர் வழக்கம்போல் ஓடத் தொடங்கியது. கல் விழுந்த அதிர்வில் தகரக் கூரை கடகடத்தது. வெளிச்சத்துக்கு முன்பே தூசி வந்துவிட்டது. சல்லடைக்குக் கீழே நின்று ஜல்லியை வாரிக்கொண்டிருந்தாள் நான்காம் எண்ணின் மனைவி. முகத்தில் கட்டிய துணி வாய்ப்பக்கம் நனைந்து சேறாகியிருந்தது. இதே தூசியைப் பதினாறு ஆண்டுகள் துளை எந்திரத்தின் முனையில் நின்று விழுங்கியவர் அவள் கணவர். எல்லோருக்கும் அவர் டிரில்காரர். இப்போது பத்துப் படி ஏறுவதற்குள் மூன்று முறை உட்காருகிறார்.

சோதனையைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். மருத்துவமனைச் சுவரில் ‘நோயாளிகள் தேவை’ என்றிருந்த நோட்டீஸைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டாள். பதினான்கு பக்க ஒப்புதல் படிவத்தை மூன்று சாயங்காலங்கள் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி: மருந்தால் பாதிப்பு ஏற்பட்டால் குணமாகும்வரை இலவசச் சிகிச்சை. அதைப் படித்துக் காட்டித்தான் கணவரையும் இருமிக்கொண்டிருந்த இன்னும் பதினொரு பேரையும் சேர்த்துவிட்டாள். செவ்வாய்தோறும் மையத்தில் மருந்து.

ஐந்தாம் வாரம் டிரில்காரரின் கண் மஞ்சளானது. மையத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் காட்டினார். எவரையும் “ஐயா”, “அம்மா” என்று அழைத்து, எவர் முகத்தையும் பார்க்காத இளைஞர் அவர். ஒரு தாளை நீட்டினார். தலைப்பில் ‘விலகல்’ என்றிருந்தது. டிரில்காரர் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார்.

ஏன் என்று கிரஷரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே உடம்பு முடியாமல் ஒரு நாள் படுத்தால், வேலையை விட்டு விலகியதாக ஒரு சீட்டில் கையெழுத்து வாங்குவார்கள். திரும்பி வந்தால் புது ஆள். பதினாறு ஆண்டு உழைத்தவர் முதலாளியின் ஏட்டில் எப்போதும் போன வாரம் சேர்ந்தவர்தான். அவர்கள் பேச்சில் விலகல் என்றால் காய்ச்சல். ஒரு நாள் ஓய்வு. மையமும் ஒரு நாள் படுத்திருக்கச் சொல்கிறது என்றே டிரில்காரர் நினைத்தார். சிகிச்சை எப்போது என்று மனைவி போனில் கேட்டபோது, “அவர் இப்ப எங்க நோயாளி இல்லீங்கம்மா” என்று பதில் வந்தது. குரல் தேன்போல் இருந்தது.

இடைவேளையில் பதினொரு பேரும் ஜல்லிக் குவியலருகே கூடினார்கள்.

“எனக்கு ஒண்ணும் ஆகலியேக்கா. எனக்குக் குடுத்தது மருந்தில்லாத வெத்து மாத்திரையா இருக்கும். பாதிப் பேருக்கு அப்படித்தானாம்,” என்றார் சுமை ஏற்றுபவர். ஓயாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

“உன் வாய்க்கு எந்த மாத்திரையும் வேலை செய்யாது. நாளைக்கு உன் கண்ணு மஞ்சளானாலும் இதே தாளத்தான் நீட்டுவாங்க. யோசிச்சுக்க,” என்றாள் டிரில்காரரின் மனைவி.

ரேடியோ அதன்பின் பேசவில்லை. அதையே, எல்லோரும் சேர்ந்து மையத்தில் கேட்பதென்ற முடிவாக எடுத்துக்கொண்டார்கள்.

முதலாளி வந்தார். “என்ன கூட்டம்? கல்லு சும்மா கெடக்குது.”

“வர்ற செவ்வாய் நாங்க எல்லாரும் மையத்துக்குப் போறோம். இந்தத் தடவ வர நேரமாகும்.”

“தாராளமா. விலகல் சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.”

“இனிமே அதுல யாரும் போடறதா இல்ல. அந்தப் பழக்கத்துலதான் என் வீட்டுக்காரர் அங்கயும் போட்டுட்டு வந்து கெடக்கறார்.”

“அவன் நோய் பீடியால வந்தது. என் தூசி சுத்தமான தூசிம்மா.”

“அப்ப ஒரு கை அள்ளி வாயில போட்டுக் காட்டுங்க முதலாளி.”

முதலாளி காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். சுத்தமான தூசிக்கு அவர் அவ்வளவு மரியாதை வைத்திருந்தார்.

செவ்வாயன்று டிரில்காரரை இரண்டு பேர் தாங்கி மாடிக்கு ஏற்றினார்கள். ஏழாம் அறையில் பதினொரு காகிதக் குவளைகளில் மாத்திரைகள் தயாராக இருந்தன. எவரும் தொடவில்லை.

“போட்டுக்குங்க ஐயா. நேரம் தவறினா ஆய்வு கெட்டுப்போயிடும்,” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

“எங்க ஆளு கெட்டுப்போனாரே, அதுக்கு?” என்றார் ரேடியோ.

“அவர் தானா விலகிட்டாரே. கையெழுத்து இருக்கு.”

“ஒன்பதாம் பக்கத்தப் படிங்க தம்பி,” என்றாள் அவள்.

“அம்மா, அதெல்லாம் உங்களுக்குப் புரியாது.”

“புரிஞ்சுதான் இவங்களக் கூட்டிட்டு வந்தேன். நீங்க படிச்சிருக்கீங்களா?”

அவர் படித்திருக்கவில்லை. அன்றுதான் முதல் முறையாக நிமிர்ந்து அவர்கள் முகங்களைப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் ஒரே மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“விலகல்ங்கறத அடிச்சு, மருந்தால பாதிக்கப்பட்டார்னு எழுதுங்க. அப்புறம் மாத்திரையப் பத்திப் பேசலாம்,” என்றாள்.

11.15 மணிக்கு மருத்துவர் வந்தார். டிரில்காரரின் கண்ணை விரித்துப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். பதிவை மாற்ற மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். கேட்டுச் சொல்லும்வரை இங்கேயே இருக்கிறோம் என்று ரேடியோ சொன்னார். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். மையம் மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். ஐந்து மணிக்கும் பதில் வரவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை.