ஆபீசரின் பச்சை சோபா

காணாமல்போன பிராணியின் படத்தைப் போட்டால், யாரோ கண்டெடுத்து இணையத்தில் பதிவிட்ட படங்களிலிருந்து அதே பிராணியை டீப் லேர்னிங் என்ற கணினி வித்தை பொறுக்கித் தரும். அந்தத் தேடலை எழுதியவன் தம்பி என்பதால், அக்கா நேராக அவன் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

தொலைந்தது அவளுடைய கறுப்புப் பூனை. நாள் முழுக்கத் தூங்குவதால் அதற்கு ஆபீசர் என்று பெயர். அத்தான் வீட்டை விட்டுப் போன பிறகு அவளுக்கு மிஞ்சிய ஒரே துணை. அழுது அழுது அக்காவுக்குக் கண் வீங்கியிருந்தது.

தம்பி படங்களைப் போட்டுத் தேடினான். முதலில் வந்தது பச்சை சோபாவில் ஒரு நாய். அடுத்து பச்சை சோபாவில் ஒரு முயல். அதற்கடுத்து ஒரு கோழி, அதுவும் பச்சை சோபாவில்தான்.

"பூனையக் கேட்டா கோழியக் காட்டுது. இதுக்குத்தான் அவ்வளவு படிச்சியா?"

தம்பிக்குக் கோளாறு புரிந்தது. அக்கா கொடுத்த எல்லாப் படத்திலும் ஆபீசர் ஒரே பச்சை சோபாவில் சுருண்டு கிடந்தது. கறுப்பு உருண்டையில் கண்ணும் தெரியவில்லை, காதும் தெரியவில்லை. மிஷின் படத்தை எண்களாக மாற்றி, அதை ஒட்டிய எண்களைத் தேடும். அதற்கு அகப்பட்டது சோபா.

"தரையில படுத்த படம் ஒண்ணுகூடவா இல்ல?"

"அது எறங்கினாத்தானே எடுக்க."

அடுத்த படத்தில் பிராணியே இல்லை. பச்சை சோபா, வெட்டிய துணித் துண்டுகள், அளவு டேப். கீழே, 'தானாக வந்த பூனை, போக மாட்டேன் என்கிறது' என்று எழுதியிருந்தது.

"நில்லு. அந்தக் கைப்பிடிக் கிழிசலப் பாரு. இது நம்ம சோபாடா."

அத்தான் ஆசையாக வாங்கிப் போட்டது. இனி அதன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று, அக்கா போன மாதம்தான் அதை அடுத்த தெருத் தையல்காரருக்குத் தள்ளிவிட்டாள். ஆபீசரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி படத்தைப் பெரிதாக்கினான். மெத்தைக்குப் பின்னால் வால் நுனி தெரிந்தது.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். ஆபீசருக்கும் ஒரு குட்டிச்சுவர் இருந்தது. அக்கா தையல்கடைக்குப் போய்ப் பூனையைத் தூக்கிவந்து பால் வைத்தாள். பாலைக் குடித்துவிட்டு ஜன்னல் வழியாக அது மறுபடி தையல்கடைக்கே போய்விட்டது. இன்னொரு முறை தூக்கிவந்தாள். மறுபடியும் போய்விட்டது.

கடைசியில் தையல்காரர் முன்னால் போய் நின்றாள். "எங்க சாப்பாட்டு மேசைய எடுத்துக்கங்க. துணி வெட்ட ஆகும். ஒத்த ஆளுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய மேசை? சோபாவக் குடுத்துருங்க."

தள்ளுவண்டியில் சோபா வீடு திரும்பியது. ஆபீசர் அதன்மேல் தூங்கிக்கொண்டே வந்தது. பின்னால் பிடித்துத் தள்ளிய தம்பி மெதுவாகக் கேட்டான்.

"அத்தான் ஞாபகம் வருமேக்கா?"

"வரட்டும்" என்றாள் அக்கா. "அந்த ஆளுதான் வேணாம். சோபா இருந்துட்டுப் போகட்டும்."