கழித்த துணி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துவைத்த துணிக்கு மூன்று தொட்டிகள்: அலமாரிக்குப் போவது, மறுபடி வெளுப்பது, கழிப்பது. மத்தியான இடைவேளையில் தையல்காரர் ஒரு பழைய நாவலை உரக்க வாசிப்பார். ஒரு பாத்திரத்தின் கதை முடிந்ததும் அதன் பெயரைச் சீட்டில் எழுதித் தொட்டியில் போடுவார்கள். அலமாரிக்கு நாயகன், மறுவெளுப்புக்கு ரெண்டுங்கெட்டான், கழிவுக்கு வில்லன். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் சீட்டு விழும்.

அன்று நாவலில் வரும் அண்ணன் தம்பியில் மூத்தவனின் முறை. வெள்ளத்தில் தம்பியின் படகுக் கயிற்றை அறுத்துவிட்டுத் தான் மட்டும் கரைசேர்ந்தவன். பிறகு தம்பி பிள்ளைகளை வளர்த்தவன்.

"மறுவெளுப்பு," என்றார் தையல்காரர். "பிள்ளைங்கள ஆளாக்கினான்ல?"

"கழிச்சுப் போடுங்க," என்றாள் மடிப்புக்காரி.

"என்னம்மா, அவன் உன் கூடப் பொறந்தவன் மாதிரி பாயுற?" என்று இஸ்திரிக்காரர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. அம்மா படுக்கையில் விழுந்த வாரமே ஓடிப்போன அண்ணன், பதினோரு வருஷம் கழித்து வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருந்தான். பதில் வாங்க இன்று நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பான்.

"தம்பி கத்தினான். இவன் திரும்பிக்கூடப் பாக்கல. நீங்கதானே வாசிச்சீங்க?"

தையல்காரர் பக்கங்களைப் பின்னால் புரட்டி, அந்த வரியை மறுபடி வாசித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். சீட்டு கழிவுத் தொட்டியில் விழுந்தது.

அண்ணனுக்குச் சொல்லவும் பதில் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தாள். மத்தியானத்துக்கு மேல் அவளுக்குக் கழிவுத் தொட்டி வேலை. கறை படிந்த நடுப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தரை துடைக்கத் துண்டு போட வேண்டும். ஒன்பதாவது விரிப்பில் கத்தரிக்கோல் நின்றது. கழித்த துணி எதையும் இந்தக் கூடம் முழுசாகக் குப்பைக்கு அனுப்பியதில்லை.

வாசலில் அண்ணன் ஒரு பையோடு நின்றான். தலை பாதி நரைத்திருந்தது.

"தங்கச்சி, அன்னிக்கு என் நிலைமை..."

"கதை விடாத. செஞ்சது செஞ்சதுதான்."

அவன் தலை குனிந்தான்.

"அம்மாவ ராத்திரி ரெண்டு தடவ புரட்டிப் படுக்க வைக்கணும். இல்லன்னா முதுகு புண்ணாயிடும். இனிமே அது உன் வேலை."

"அப்ப, மன்னிச்சுட்டியா?"

"இல்ல."

அவன் பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.